அப்பப்பாவின் சோழர்களும் அமெரிக்கப் பட்டியலும்

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. இருவரையும் வீட்டில் வைத்தே படிப்பிக்கிறோம். வரலாற்றைக் கதைப்புத்தகங்கள் வழியாகப் படிப்பிக்கலாம் என்று ஓர் அமெரிக்கப் பாடத்திட்டத்தின் பட்டியலை வாங்கினேன். இப்போது மகளுக்கு பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலை கொட்டிய கதை தெரியும், பொலன்னறுவை எங்கே இருக்கிறது என்று தெரியாது. மாமனார், "பொன்னியின் செல்வனைக் கையில் குடு, எல்லாம் சரிவரும்" என்கிறார். படம் பார்த்த மகனோ நந்தினி எந்த ஊர் என்று கேட்கிறான். இரண்டு பேரும் ஆங்கிலம் கடகடவென்று வாசிப்பார்கள், தமிழ் எழுத்துக்கூட்டித்தான். நாவல் வாசித்துப் பிழையான வரலாறு மனதில் பதிந்துவிடாதா? என் அம்மா அட்டன் பக்கம், அந்தப் பக்கத்துக் கதையும் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். 83 ஜூலைக் கலவரத்தை எப்போது, எப்படிச் சொல்வது? வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் மாமனார் எழுந்து போய்விடுவார். எந்தப் புத்தகங்களை வாங்கலாம் என்று சொல்லுங்கள்.
ஒரு தாய், கொழும்பு 6

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனார் சொல்வதில் பாதி சரி. பொன்னியின் செல்வன் உங்கள் வீட்டுக்கு வேண்டிய புத்தகம்தான். ஆனால் "கையில் குடு" என்கிறாரே, அதுதான் சரிவராது. தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளையிடம் ஐந்து பாகத்தையும் தூக்கிக் கொடுத்தால் அவள் வீரநாராயண ஏரிக்கரையைத் தாண்டமாட்டாள். அதன் பிறகு அப்பப்பா எந்தத் தமிழ்ப் புத்தகத்தோடு வந்தாலும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வாசிக்கவேண்டியது மாமனார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அத்தியாயம், அதற்கு மேல் வேண்டாம். 1950 முதல் 1954 வரை கிழமைக்குக் கிழமை சஞ்சிகையில் வந்த தொடர்கதை என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் "பிறகு?" என்று கேட்க வைக்கிற இடத்தில் போய் நிற்கும். பிள்ளைகள் கெஞ்சினாலும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடச் சொல்லுங்கள். சில நாட்களில் மகள் பகலில் தானாக எடுத்து எழுத்துக்கூட்டத் தொடங்குவாள். தமிழ் வாசிப்பு அப்படித்தான் வரும், பயிற்சிக் கொப்பியால் அல்ல.

இன்னொரு யோசனையும் உண்டு. கல்கிப் பிரியர்கள் கோபிப்பார்கள், பரவாயில்லை. முதல் பாகத்து அரண்மனைச் சதிகளை மாமனார் சில இரவுகளில் வாய்க்கதையாகச் சொல்லிவிடட்டும். வாசிப்பை இரண்டாம் பாகமான சுழற்காற்றிலிருந்து தொடங்குங்கள். கோடிக்கரையிலிருந்து பூங்குழலி படகு வலித்து வந்தியத்தேவனை ஈழத்துக்குக் கொண்டுவருகிறாள். அதன் பிறகு தம்புள்ளை, அநுராதபுரம் என்று உங்கள் பிள்ளைகள் வான் வண்டியில் போகும்போது பெயர்ப்பலகையில் பார்த்த ஊர்களெல்லாம் கதைக்குள் வரும். கொழும்பில் வளர்கிற பிள்ளைக்கு அதைவிட நல்ல வாசல் இல்லை. பழையாறையும் கடம்பூரும் பிறகு வரட்டும். புத்தகச் செலவுக்கும் யோசிக்கவேண்டாம். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையாக்கப்பட்டவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இனி மகனுடைய கேள்வி. நந்தினிக்கு ஊர் கிடையாது, அவள் கல்கியின் மேசையில் பிறந்தவள். பூங்குழலியும் ஊமை ராணியும் அப்படித்தான். ஆனால் வந்தியத்தேவன் என்று ஒருவர் இருந்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை அவருடைய தேவி என்று சொல்கிறது. பழுவேட்டரையர்களும் நிஜமாக இருந்த சிற்றரசர்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும் உண்மை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கொலையில் சம்பந்தப்பட்டவர்களுடைய காணிகளைப் பறித்தது பற்றிப் பேசுகிறது, ரவிதாசன் என்ற பெயரும் அதில் வருகிறது. ஏன் கொன்றார்கள் என்று மட்டும் கல்வெட்டு சொல்லவில்லை. அந்த "ஏன்" காலியாகக் கிடந்த இடத்தில்தான் கல்கி ஐந்து பாகத்தையும் கட்டினார்.

புத்தகம் தெரிவு செய்ய நான் வைத்திருக்கிற அளவுகோலும் இதுதான். பதிவு பேசாத இடத்தில் எழுத்தாளர் எவ்வளவு வேண்டுமானாலும் கற்பனை செய்யட்டும். பதிவு தெளிவாகப் பேசுகிற இடத்தில் அதை மாற்றக்கூடாது. கதைக்காக மாற்றியே ஆகவேண்டும் என்றால் பின்னுரையில் அதைச் சொல்லிவிடவேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். ஒரு பக்கத்தில் இருந்தவர்கள், மறுபக்கத்தில் எழுத்தாளர் படைத்தவர்கள். எந்தப் பக்கம் என்று தெரியாதவர்களின் பெயரை நடுவில் பென்சிலால் எழுதட்டும். ஒன்பது வயதுக்காரனுக்கு இது துப்பறிகிற வேலை மாதிரி இருக்கும்.

பிழையான வரலாறு பதிந்துவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. அதுவும் பொன்னியின் செல்வனை இலங்கையில் இருந்து வாசிக்கும்போது இன்னும் நியாயமானது. நாவலில் அருள்மொழிவர்மன் அநுராதபுரத்தில் இடிந்துகிடந்த விகாரைகளைப் பழுதுபார்க்கச் செய்கிறான். பிக்குகள் இலங்கை முடியைக் கொடுக்க வரும்போது வேண்டாம் என்கிறான். வாசிக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு நெஞ்சு நிமிரும், நிமிரட்டும். ஆனால் அந்த அருள்மொழிதான் 985இல் ராஜராஜனாக முடிசூடினான். 993 அளவில் அவனுடைய படை இங்கே வந்து அநுராதபுரத்தை வீழ்த்தியது. தலைமையிடம் பொலன்னறுவைக்கு மாறியது, சனநாதமங்கலம் என்று அதற்குச் சோழர் பெயர் வைத்தார்கள். 1017இல் ராஜேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனார்கள், அவன் அங்கேயே இறந்தான். சோழப்படை தாதுக்கள் வைத்திருந்த அறைகளை உடைத்துப் பொன்னையும் சிலைகளையும் அள்ளிப் போனதாகப் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் எழுதுகிறது. அதோடு கதை முடியவில்லை. திருகோணமலைக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை என்று ஒரு பௌத்தப் பள்ளி உண்டு. சோழர் காலத்தில் அதன் பெயர் ராஜராஜப் பெரும்பள்ளி. அதற்குக் கொடுத்த தானங்கள் தமிழிலேயே கல்லில் வெட்டியிருக்கின்றன.

இதில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால்தான் பிழையான வரலாறு. கல்கி பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் எடுத்துக்கொண்டது ராஜராஜன் அரசனாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்திய சில மாதங்கள். அதற்குப் பிறகு நடந்ததை வீட்டில் யாராவது சொல்லவேண்டும். மாமனார் வாசிப்பது நாவலாக இருந்தால் அந்த மிச்சக் கதையைச் சொல்வது உங்கள் வேலையாக இருக்கட்டும். பன்னிரண்டு வயது மகளால் "நல்ல இளவரசன் ஏன் பிறகு படையெடுத்தான்?" என்று தாராளமாகக் கேட்கமுடியும். விடை உடனே சொல்லவேண்டும் என்றில்லை, இரண்டு நாள் அவளை யோசிக்க விடுங்கள்.

அடுத்த ஃபிளாட்டில் சிங்களப் பிள்ளைகள் இருப்பார்கள்தானே. அவர்கள் துட்டகைமுனுவைக் கதாநாயகனாகக் கேட்டு வளர்ந்தவர்கள், உங்கள் பிள்ளைகள் எல்லாளனை. ஆனால் மகாவம்சத்தையே எடுத்துப் பாருங்கள். சோழநாட்டிலிருந்து வந்த எல்லாளன் 44 ஆண்டுகள் ஆண்டான், வழக்கில் நண்பன் பகைவன் என்று பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறது. கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனுக்கு மரணதண்டனை கொடுத்த கதையும் அதில் இருக்கிறது. நாங்கள் மனுநீதிச் சோழன் கதையாகப் படித்தோமே, கிட்டத்தட்ட அதே கதை. போரில் வென்ற துட்டகைமுனு எல்லாளனுக்குச் சமாதி எழுப்பி மரியாதை செய்யச் சொன்னான் என்றும் வருகிறது. இந்தக் காலத்தைப் பற்றி எந்த நாவல் கையில் கிடைத்தாலும், தமிழோ சிங்களமோ, எதிரி எப்படி வருகிறான் என்று மட்டும் பாருங்கள். பழைய வரலாற்று நூல் எதிரிக்குக் கொடுத்த மரியாதையைக்கூட நாவல் கொடுக்கவில்லை என்றால் அந்தப் புத்தகம் வேண்டாம். எங்கள் ஆட்களின் பல சரித்திர நாவல்கள் இந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

நாவல் நடக்கும்போதே ஒரு காலைப்பொழுது கொழும்பு நூதனசாலைக்குப் போய்வாருங்கள். 1877இல் திறந்த கட்டடம், கட்டடத்தைப் பார்க்கவே மகனுக்குப் பிடிக்கும். பொலன்னறுவைச் சிவாலயங்களில் கண்டெடுத்த வெண்கலச் சிலைகள் அங்கே இருக்கின்றன. சோழர் இங்கே இருந்தார்கள் என்பதற்கு நடராஜரைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? மும்மொழிக் கல்வெட்டையும் தேடிப் பிடியுங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் திகதியோடு வெட்டுவித்துக் கொண்டுவந்து காலியில் நிறுத்திய கல் அது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. கல்லை வெட்டியது சீனாவில். அப்படியென்றால் அங்கே இருந்து தமிழை எழுதிக் கொடுத்தவர் யார்? பெயர் எங்கேயும் இல்லை. உங்கள் மகள் கதை எழுதுகிறவளாக இருந்தால் அந்த ஆளைப் பற்றி ஒரு கதை எழுதச் சொல்லுங்கள். வரலாற்று நாவல்காரர் என்ன வேலை செய்கிறார் என்று, எந்தப் புத்தகமும் சொல்லித்தராத அளவுக்கு அவளுக்கு விளங்கும்.

அமெரிக்கப் பட்டியலுக்கு வருவோம். அதைக் குப்பையில் போடவேண்டாம், காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் அது அமெரிக்கப் பிள்ளைக்காக அமெரிக்கர்கள் செய்த வரிசை. அவர்களுக்கு 1773இன் பொஸ்டன் வீட்டுக் கதை, எங்களுக்கு வெளியூர்க் கதை. (அன்று கடலில் கொட்டியது சீனத் தேயிலை. எங்கள் மலையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் போட்டது 1867இல். மகளுக்கு இந்த இரண்டு ஆண்டையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள்.) அந்தப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டால் போதும் என்பது என் கணிப்பு.

எதை வைப்பது, எதை விடுவது? இப்படியான பட்டியல்களில் அடிக்கடி காண்கிற, அமெரிக்க மேற்கில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதையான லிட்டில் ஹவுஸ் ஒன் த பிரெய்ரியை எடுங்கள். அந்தக் குடும்பத்தின் உழைப்பும் குளிரும் சாப்பாடும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும், எழுத்து அவ்வளவு நேர்த்தி. ஆனால் அவர்கள் வீடு கட்டிய நிலம் ஒசேஜ் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களுடையது. 1935இல் வந்த முதல் பதிப்பில் அந்த நிலத்தில் மனிதர்களே இல்லை, இந்தியர்கள் (அந்தப் பழங்குடியினரை அப்படித்தான் அழைத்தார்கள்) மட்டும்தான் இருந்தார்கள் என்று ஒரு வரி இருந்தது. ஒரு வாசகர் எழுதிக் கேட்ட பிறகுதான் 1953 பதிப்பில் குடியேறியவர்கள் இல்லை என்று மாற்றினார்கள். இதைச் சொல்லி, கூடவே இருந்து வாசியுங்கள். தனியாக விடவேண்டாம். ஹென்டி என்ற 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரின் வீரக் கதைகளையும் சில வீட்டுக்கல்விப் பதிப்பகங்கள் மறுபதிப்புச் செய்து விற்கின்றன. கிளைவ் இந்தியாவைப் பிடித்ததைப் பையன்களின் சாகசமாக எழுதியவர் அவர். அவரைப் படிக்க உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு அவசரமும் இல்லை.

இரண்டாம் உலகப்போர் பற்றி எல்லாப் பட்டியலிலும் ஏதாவது இருக்கும். த போய் இன் த ஸ்ட்ரைப்டு பஜாமாஸ் என்ற 2006 நாவலைப் பலர் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள், மனதைப் பிழிகிற கதை. ஆனால் பதிவு தெளிவாகப் பேசுகிற இடத்தை அது மாற்றிவிட்டது. அவுஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமுக்கு வந்த சிறு பிள்ளைகளில் பெரும்பாலோரை வந்தவுடனேயே கொன்றார்கள். அந்த நாவலில் இரண்டு பையன்கள் செய்வதுபோல வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்து நாள்கணக்காகக் கதைத்துக்கொண்டிருக்க வழியில்லை. இந்த வரலாற்றைப் படிக்கிறவர்கள் அந்தப் புத்தகத்தைத் தவிர்க்கவேண்டும் என்று அவுஷ்விட்ஸ் நினைவகமே 2020இல் சொன்னது. அதற்குப் பதிலாக 1989இல் வந்த நம்பர் த ஸ்டார்ஸை எடுங்கள். 1943இல் டென்மார்க் மக்கள் தங்கள் யூத அயலவர்களை மறைத்துவைத்து வள்ளங்களில் சுவீடனுக்கு அனுப்பிய கதை, பத்து வயதுப் பெண்பிள்ளையின் கண்ணால் சொல்கிறது. எது நடந்தது, எது தன் கற்பனை என்று எழுத்தாளர் பின்னுரையில் பிரித்தே எழுதியிருக்கிறார். மகளுக்கு இப்போதே கொடுக்கலாம். மகனுக்கு அடுத்த வருடம்.

அந்தப் புத்தகத்தை நான் குறிப்பாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 83ஐப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அயலவர் ஒருவர் கதவைத் திறந்து ஒரு குடும்பத்தை ஒளித்துவைக்கிற கதையை வெள்ளவத்தையில் வளர்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாசித்தால், எங்கள் வீட்டில் அன்றைக்கு யார் யாரை ஒளித்தார்கள் என்ற கேள்வி அவள் வாயில் வரும். 1983 ஜூலையில் இந்த நகரத்தில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதே தெருக்களில் சிங்கள அயலவர்கள் பலர் தமிழரைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். உங்கள் குடும்பத்துக்கு இதில் எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. நடந்ததைச் சுருக்கமாக, கூட்டாமல் குறைக்காமல் நீங்களே சொல்லுங்கள். மாமனாரிடம் பிள்ளைகளை அனுப்பிக் கேட்கவைக்கவேண்டாம். எழுந்து போகிற மனிதரை இருத்திவைக்க யாருக்கும் உரிமையில்லை, அது பேரப்பிள்ளையாக இருந்தாலும். அவர் ஒருநாள் தானாகச் சொன்னால் கேளுங்கள்.

போர் பற்றிய எங்கள் ஈழத்து நாவல்களை மகள் 15, 16 வயதுக்கு வரும்வரை பொறுத்துக் கொடுங்கள். அவை பெரியவர்கள் பெரியவர்களுக்கு எழுதியவை. சித்திரவதையும் பாலியல் வன்முறையும் ஒளிவு மறைவில்லாமல் வரும். ஒன்பது வயதுக்காரனுக்கு 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைச் சொல்லலாம். கிட்டத்தட்ட 97,000 புத்தகங்கள் என்றால் புத்தகம் பிடித்த பிள்ளைக்கு அதன் கனம் உடனே விளங்கும். இந்த வயதுக்கு அது போதும்.

உங்கள் அம்மாவின் அட்டன் கதைக்கு வந்தால் கொஞ்சம் சங்கடம். மலையக வரலாற்றைப் பின்னணியாக வைத்து இந்த வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்டது மிகக் குறைவு. பெரியவர்களுக்கான எழுத்துத்தான் இருக்கிறது. ஆனால் கதைக்குப் பஞ்சமில்லை. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் கொள்ளைநோயிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1869இல் கோப்பிச் செடிக்கு இலைநோய் வந்து, சில ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாகத் தேயிலைக்கு மாறியது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து பிறந்த நாட்டிலேயே நாடற்றவர்கள் ஆனார்கள். கங்காணி, பெரட்டு, லயம், துண்டு என்ற தோட்டத்துச் சொற்களெல்லாம் உங்கள் அம்மாவுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அம்மம்மா சொல்லட்டும், மகள் எழுதட்டும், மகன் படம் கீறட்டும். கண்டிச் சீமைக்கு வந்த பாட்டுகள் அம்மம்மாவுக்கு ஞாபகம் இருந்தால் அவற்றைக் கைப்பேசியில் பதிந்துவையுங்கள். சி. வி. வேலுப்பிள்ளை மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்திருக்கிறார், அவற்றோடு ஒத்துப் பார்க்கலாம். இப்படி எழுதிய கொப்பி கடையில் விற்கிற எந்தப் புத்தகத்துக்கும் குறைந்ததல்ல என்று ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பிள்ளைகள் இருவரும் அதைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள்.

ஈழத்து எழுத்தில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுகிற மோகனாங்கியை 1895இல் எழுதியவர் திருகோணமலைக்காரர், தி. த. சரவணமுத்துப்பிள்ளை. அவர் எடுத்ததோ தமிழ்நாட்டு நாயக்கர் காலத்தை. பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டமுடியாது. அந்த நடை இப்போது பெரியவர்களுக்கே கடினம். செங்கை ஆழியான் யாழ்ப்பாண வரலாற்றை வைத்து நாவல்கள் எழுதியிருக்கிறார். மகளின் தமிழ் கொஞ்சம் ஓடத் தொடங்கியதும் பார்க்கலாம். பழைய ஈழத்து நூல்கள் பல நூலகம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக இருக்கின்றன. கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் உங்களுக்கு எட்டின தூரம்தான். வாங்குவதற்கு முன் அங்கே எடுத்து முதல் அத்தியாயத்தை நீங்கள் வாசித்துப் பாருங்கள்.

சிங்களப் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்று: மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய மடோல் தூவ. 1890களின் தென்கரையில் இரண்டு குழப்படிப் பையன்கள் வீட்டைவிட்டு ஓடி ஒரு தீவில் தோட்டம் போடுகிற கதை. அரசனும் இல்லை, போரும் இல்லை. உங்கள் மகனுக்கு இந்தப் பட்டியல் முழுவதிலும் இதுதான் மிகவும் பிடிக்கப்போகிறது. ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கும். இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிப்பிக்கிறீர்கள் என்றால் சிங்களத்திலேயே முயன்று பாருங்கள்.

சாண்டில்யனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, மாமனாரின் அலுமாரியில் கட்டாயம் இருக்கும். கடல் புறாவில் கடற்போர் அருமை. ஆனால் இடையிடையே வருகிற சிருங்கார வர்ணனைகளைச் சத்தமாக வாசிக்க மாமனாரே வெட்கப்படுவார். அதை மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். கல்கியின் பார்த்திபன் கனவு ஒரே புத்தகமாக முடிகிற சின்னக் கதை. பொன்னியின் செல்வன் நீளமாகத் தோன்றினால் அதிலிருந்து தொடங்கலாம்.

வாசித்து முடிந்ததும் கேள்வித்தாள் கொடுக்கவேண்டாம். சார்லட் மேசன் என்ற ஆங்கிலக் கல்வியாளரின் வழியைப் பின்பற்றுகிற வீட்டுக்கல்விக் குடும்பங்கள், வாசித்ததைப் பிள்ளை தன் வாயால் திரும்பச் சொல்லும்படி விடுவார்கள். அது ஒன்றே போதும். மகன் சொல்லும்போது நந்தினியைப் பாம்பாக்கிவிடுவான், ஆக்கட்டும். கூடவே சாப்பாட்டு விளையாட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, அன்னாசி, பப்பாசி, கஜு எல்லாம் அமெரிக்கக் கண்டத்துக்குரியவை. போர்த்துக்கேயர் காலத்துக்கு முன் இந்தப் பக்கத்து அடுப்பில் ஏறியிருக்க வழியில்லை. சோழர் காலத்து நாவலில் யாராவது மிளகாய்ச் சம்பல் அரைத்தால் கண்டுபிடித்தவருக்கு ஒரு ஐஸ்கிறீம். இந்த ஒன்றுக்காகவே பிள்ளைகள் வரிக்கு வரி கவனித்து வாசிப்பார்கள்.

பரீட்சை பற்றி ஒரு வார்த்தை. உள்ளூர் ஓ.எல். எழுதுவதாக இருந்தால் வரலாறு கட்டாயப் பாடம், அதற்கு அரசாங்கப் பாடநூலைத் தனியாகப் படிக்கத்தான் வேண்டும். நாவல் அதற்கு ஈடாகாது. லண்டன் ஓ.எல். என்றால் வரலாறு விரும்பினால் எடுக்கலாம். எப்படியானாலும் அது இன்னும் சில வருடத்துக்குப் பிந்திய விஷயம்.

செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்துப் புத்தகக் கண்காட்சிக்குப் போகும்போது இருவரையும் கூட்டிப்போய், ஆளுக்கொரு புத்தகம் அவர்களே எடுக்க விடுங்கள். நீங்களும் மாமனாரும் வாய் திறக்கக்கூடாது. மகன் சோழரை விட்டுவிட்டு டைனோசர் புத்தகத்தோடு வந்தால் காசைக் கட்டி வாங்கிக் கொடுங்கள்.